மாடியில் இடம் இருக்கு, கார்டில் மூன்று கிலோவாட்தான்

வாசகர் கடிதம்:

மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மொட்டை மாடி சும்மாதான் கிடக்கிறது, சோலார் போடலாம் என்று மாப்பிள்ளை ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்து பார்த்த கம்பெனிக்காரர், "5 கிலோவாட் போட்டுடுங்கம்மா, மிச்சத்தை ஈ.பி.க்கு வித்துடலாம், மாசாமாசம் வருமானம்" என்கிறார். ஈ.பி. ஆபீசில் விசாரித்தால், கார்டில் 3 கிலோவாட் மின்பளுதான் (வீட்டுக்கு அனுமதித்த மின்சார அளவு) இருக்கிறது, அதற்கு மேல் முடியாது என்கிறார்கள். எதிர்வீட்டு சோலார் நல்ல வெயில் நேரத்தில் நின்று நின்று ஓடுகிறது. டிரான்ஸ்பார்மர் தாங்கவில்லை, இனி இந்தத் தெருவில் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். வெயில் பொதுச் சொத்து, மாடி எங்களுடையது, போடுகிற பணமும் எங்களுடையது. இதில் வரம்பு எதற்கு? முன்பக்கம் வாடகைக்கு விட்டிருக்கும் கடைக்குத் தனி மீட்டர். அதிலும் இந்தக் கரண்ட்டைக் கழித்துக்கொள்ள முடியுமா? கடைசி ஆறு பில்: 480, 520, 820, 900, 640, 540 யூனிட். அடுத்த வருடம் மகள் குடும்பம் எங்களோடு வந்துவிடுகிறது. அவர்களிடம் பேட்டரி கார் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

ஆறு பில்லையும் எழுதி அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் மாடி எத்தனை சதுர அடி என்பதுதான் இருக்கும். பில்லைப் பார்க்காமல் சோலார் அளவு சொல்வது நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பது மாதிரி. எனவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். வரம்பு எதற்கு என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

ஆறு பில்லையும் கூட்டினால் வருடத்துக்கு 3,900 யூனிட். நம் ஊர் வெயிலில், ஐப்பசி கார்த்திகை மழையையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். அப்படியானால் 3 கிலோவாட்டுக்கு வருடத்துக்கு 4,380 யூனிட். "இதற்கு மேல் முடியாது" என்று ஆபீசில் சொன்ன அந்த 3 கிலோவாட்டே உங்கள் இன்றைய செலவை விட அதிகம். அதோடு, 2016லிருந்து வீட்டு இணைப்புக்கு ஒவ்வொரு இரண்டு மாத பில்லிலும் முதல் 100 யூனிட் இலவசம். வருடத்துக்கு 600 யூனிட் சும்மா வருகிறது. சும்மா வருவதை மிச்சப்படுத்த யாரும் பேனல் வாங்க வேண்டியதில்லை. ஆக நீங்கள் உண்மையில் ஈடுகட்ட வேண்டியது 3,300 யூனிட்தான். 5 கிலோவாட் போட்டால் 7,300 யூனிட் வரும். மிச்சம் 4,000.

அந்த 4,000 யூனிட்டுக்குத்தான் கம்பெனிக்காரர் வருமானம் என்று பெயர் வைக்கிறார். அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன்.

வீட்டுக்கு நெட் மீட்டரிங் என்றால், பகலில் உங்கள் மாடியிலிருந்து வெளியே போன யூனிட்டையும் இரவில் உள்ளே வந்த யூனிட்டையும் ஒன்றுக்கு ஒன்று கழிப்பது. உள்ளே வந்தது அதிகமாக இருந்தால் மிச்சத்துக்கு மட்டும் பில். வெளியே போனது அதிகமாக இருந்தால் அடுத்த பில்லுக்கு அது வரவாகப் போகும். உங்கள் 900 யூனிட் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 500க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல் கட்டுகிறீர்கள். மேலே போகப் போக விலையும் ஏறும். போதாததற்கு, 500ஐத் தாண்டிவிட்டால், இலவச 100 தவிர, கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் போய்விடும். சோலார் வந்ததும் முதலில் வெட்டுப்படுவது இந்த உச்சாணிக் கொம்பு யூனிட்கள்தான். அப்புறம் விலை குறைந்த கீழ்ப்படி யூனிட்கள். அதற்கும் கீழே இலவச 100. அதையும் தாண்டி மிஞ்சுவது வரவில் உட்கார்ந்திருக்கும். ஆண்டுக் கணக்கு முடியும்போது அதற்கு நீங்கள் ஈ.பி.க்குக் கட்டும் விலை கிடைக்காது. ஆக முதல் கிலோவாட் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் ஐந்தாவது கிலோவாட் கொடுக்கும். ஆனால் இரண்டையும் ஏறக்குறைய ஒரே விலை கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள்.

இது புதிதாக வந்த கட்டுப்பாடும் அல்ல. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2013 நவம்பரில் முதன்முதலாக நெட் மீட்டரிங் ஆணை போட்டபோதே, வருடச் செலவில் 90 சதவீதம் வரைதான் கழிக்கலாம், அதற்கு மேல் அனுப்பியது காலாவதி என்று எழுதியிருந்தது. 2019இல் ஒன்றுக்கு ஒன்று கழிப்பதையே எடுத்துவிட்டு, வெளியே போகும் யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 காசு என்று வைத்தார்கள். அந்த இரண்டு வருடம் வீடுகளில் சோலார் போடச் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. 2021 விதிகளில்தான் வீட்டு இணைப்புகளுக்கு நெட் மீட்டரிங் திரும்ப வந்தது. இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை. வீட்டுக்காரர் தன் செலவை ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். மாடியை மின்நிலையமாக்கி விற்பது வீட்டு நெட் மீட்டரிங்கின் நோக்கம் அல்ல.

சரி, எதிர்வீட்டுக்கு வருவோம். அங்கே நடப்பது புரிந்தால் வரம்பும் புரிந்துவிடும்.

நீங்கள் கடைமடைப் பக்கத்துக்காரர், உங்களுக்கு இது எளிது. டிரான்ஸ்பார்மர் தலைமடை. அங்கிருந்து கம்பி வழியாகத் தெருக்கோடி வரை கரண்ட் போகிறது. போகப் போக வோல்டேஜ் இறங்கும். கடைசி வீட்டுக்கும் போதிய வோல்டேஜ் கிடைக்க வேண்டும் என்று டிரான்ஸ்பார்மரில் கொஞ்சம் தூக்கியே வைத்திருப்பார்கள். பல ஆண்டுகளாக ஓட்டம் ஒரு பக்கமாகவே இருந்ததால் இந்த ஏற்பாடு சரியாக இருந்தது. இப்போது மத்தியானம் 12 மணிக்குக் கடைமடை வீட்டு மாடியிலிருந்து கரண்ட் எதிர்த்திசையில் கிளம்புகிறது. கடைமடையிலிருந்து தண்ணீரைத் தலைமடைக்கு அனுப்ப வேண்டுமென்றால் கடைமடையில் மட்டம் உயர்ந்தால்தானே முடியும்? அதேபோல் அந்த வீட்டு முனையில் வோல்டேஜ் ஏறுகிறது. 240 வோல்ட் என்பதில் ஆறு சதவீதம் கூடலாம் குறையலாம், அதாவது 254 வரை போகலாம் என்பது வழக்கம். அதைத் தாண்டி ஓர் அளவுக்கு மேல் ஏறினால் வீட்டு ஃபிரிட்ஜும் டிவியும் கெடும் என்பதால், பேனல் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். வோல்டேஜ் இறங்கியதும் திரும்ப ஓடும், திரும்ப நிற்கும். எதிர்வீட்டில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இதனால்தான் நல்ல வெயிலில் இப்படி ஆகிறது, மேகமூட்டத்தில் ஆவதில்லை.

இதை வைத்து டிரான்ஸ்பார்மர் தாங்கவில்லை என்று சொல்வது பெரும்பாலும் தவறு. 100 கேவிஏ (ஏறக்குறைய 100 கிலோவாட்) டிரான்ஸ்பார்மர் எந்தப் பக்கம் ஓட்டம் போனாலும் அந்த அளவு வரை சுமக்கும். 2013 ஆணையில் டிரான்ஸ்பார்மர் கொள்ளளவில் 30 சதவீதத்துக்கு மேல் சோலார் கூடாது என்று வைத்திருந்தார்கள். 100 கேவிஏ என்றால் 30 கிலோவாட், 3 கிலோவாட் வீதம் பத்து வீடு. பதினோராவது வீட்டுக்காரர் வந்து நின்றால் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்போது நான் மின்வாரியத்தின் பகிர்மானப் பிரிவில் இருந்தேன். அந்த எச்சரிக்கை ஆரம்ப காலத்துக்குத் தேவைதான், யாருக்கும் அனுபவம் இல்லை. ஆனால் அந்தக் காலத்து 'டிரான்ஸ்பார்மர் நிறைந்துவிட்டது' என்ற பேச்சு தெருவில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எதிர்வீட்டுப் பிரச்சினைக்கு வைத்தியம் உண்டு. டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடான டேப்பை ஒரு படி இறக்கலாம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் மெலிதாக இருந்தால் தடிமனானதாக மாற்றலாம். தெருவில் சோலார் வீடுகள் எல்லாம் ஒரே பேஸில் மாட்டியிருந்தால் மூன்று பேஸுக்கும் பிரித்துப் போடலாம். இதெல்லாம் செய்யக்கூடிய வேலைதான். மத்தியானம் 12 மணிக்கு வோல்டேஜ் எவ்வளவு என்று இன்வெர்ட்டர் திரையிலேயே தெரியும். ஒரு வாரம் குறித்து, தேதி நேரத்தோடு ஈ.பி. உதவிப் பொறியாளரான ஏ.இ.யிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். வெறுமனே "சோலார் ஓடமாட்டேங்குது" என்று சொன்னால், கம்பெனிக்காரரைக் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இனி, தெருவைத் தாண்டிய காரணம். நம் வீட்டு சோலார் எல்லாம் உச்சத்தில் கரண்ட் கொடுப்பது மத்தியானம். நாம் எல்லோரும் ஒன்றாக விளக்கு, மின்விசிறி, ஏ.சி. என்று போடுவது மாலை 6 மணிக்கு மேல். பகலில் நீங்கள் கொடுத்த யூனிட்டை யாரும் மூட்டை கட்டி வைத்திருந்து இரவில் திருப்பித் தருவதில்லை. அந்த நேரத்தில் அனல்மின் நிலையத்திலிருந்தோ வெளிச்சந்தையிலிருந்தோ வாங்கித்தான் தருகிறார்கள். ஒரு தெருவில் நாலு வீடு என்றால் இது பெரிய விஷயம் இல்லை. எல்லா வீட்டிலும் என்றால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நாட்களில் தொழிற்சாலைகள் மூடியிருக்க, கூரை சோலார் மட்டும் முழு வேகத்தில் ஓட, பிற்பகல் 3 மணி வரை உங்கள் சோலாரை அணைத்து வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று கம்பியில் பட்டு நாடே இருண்டது. கரண்ட் தேவை குறைவான ஞாயிறு பகலில் சோலாரின் பங்கு அதிகமாக இருந்ததால், அந்த ஒரு அதிர்ச்சியைத் தாங்கும் வலு அமைப்பில் இல்லாமல் போனது. ஹவாய் தீவுகளில் சில தெருக்களில் சோலார் நிரம்பி மக்கள் அனுமதிக்காகக் காத்துக்கிடந்து, கடைசியில் 2015 அக்டோபரில் புதியவர்களுக்கு நெட் மீட்டரிங்கையே மூடிவிட்டார்கள். நாம் அந்த நிலையில் இல்லை. ஆனாலும் அங்கே போய்ச் சேராமல் இருக்கத்தான் உன் தேவையளவு மட்டும் போடு என்கிறார்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், நடு ராத்திரி ஃபியூஸ் போட வரும் வயர்மேன், இதற்கெல்லாம் ஆகும் செலவு நாம் கட்டும் யூனிட் விலைக்குள்தான் இருக்கிறது. சோலார் போட்டவர் பில்லைப் பூஜ்யமாக்கிவிட்டாலும் கம்பியை எல்லோரையும் விட அதிகம் பயன்படுத்துவது அவர்தான், போகவும் வரவும். அவர் கட்டாததை, சொந்த மாடி இல்லாத வாடகை வீட்டுக்காரர்தான் எப்படியோ ஒரு வழியில் கட்டுகிறார். இதை நினைக்கும்போது செலவுக்கேற்ற வரம்பு நியாயம் என்றே எனக்குப் படுகிறது. அந்த வரம்புக்குள் இருக்கும் ஒருவரைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்புவதுதான் அநியாயம்.

அப்படித் திருப்பி அனுப்ப முடியாதபடி விதி இருக்கிறது. மத்திய அரசின் மின்நுகர்வோர் உரிமை விதிகள் 2020 டிசம்பரில் வந்தன. 2021இல் திருத்தி, நெட் மீட்டரிங் 500 கிலோவாட் அல்லது மின்பளு, இரண்டில் எது குறைவோ அது வரை என்றார்கள். ஆபீசில் உங்களிடம் சொன்னது இந்தப் பாதியைத்தான். 2024 பிப்ரவரியில் இன்னொரு திருத்தம் வந்தது. 10 கிலோவாட் வரை கேட்கும் விண்ணப்பம் எல்லா விவரத்தோடும் இருந்தால், டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்ற ஆய்வே இல்லாமல் அது ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். அதற்குத் தகுந்தபடி மின்பளுவை உயர்த்தும் வேலையையும் மின்நிறுவனமே செய்ய வேண்டும். 5 கிலோவாட் வரை கம்பியையோ டிரான்ஸ்பார்மரையோ பலப்படுத்த வேண்டி வந்தால் செலவும் அவர்களுடையது. இந்தத் திருத்தத்தை ஒரு பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போடத் தேவையில்லை, விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்தாலே போதும்.

ஆக, 5 கிலோவாட் உங்களுக்குக் கிடைக்காது என்று இல்லை. இன்று அது வேண்டுமா என்பதுதான் கேள்வி. என் யோசனையைச் சொல்கிறேன், மாப்பிள்ளையிடமும் காட்டுங்கள்.

இப்போது 3 கிலோவாட் போடுங்கள். பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் மானியம் முதல் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000. அதோடு நின்றுவிடும். 5 போட்டாலும் அதே 78,000தான். இன்றைய கார்டிலேயே 3 கிலோவாட் அடங்கிவிடும் என்பதால் மின்பளுவைத் தொட வேண்டாம், மீட்டரை மட்டும் போவதையும் வருவதையும் அளப்பதாக மாற்றுவார்கள், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் மாடியில் பேனல் தாங்கும் சட்டத்தையும், கீழே வரும் பைப்பையும் 5 கிலோவாட்டுக்கு ஏற்றபடி அமைக்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத இடமாகப் பார்த்து இரண்டு கிலோவாட்டுக்கு இடம் விட்டு வையுங்கள்.

மகள் வந்த பிறகு கதை மாறும். கார் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தாலும், வருடத்துக்கு 1,700 யூனிட்டுக்கு மேல் போகும். வீட்டுச் செலவும் கூடும். அப்போது கார் சார்ஜருக்காகவே மின்பளுவை உயர்த்த வேண்டி வரும், ஒருமுனை இணைப்பு மும்முனையாக மாறவும் கூடும். வீட்டு இணைப்புக்கு நிலைக்கட்டணம் 2022லேயே எடுக்கப்பட்டுவிட்டதால், மின்பளு கூடியதற்காக ஒவ்வொரு பில்லிலும் தண்டம் கட்ட வேண்டியதில்லை. மாற்றும்போது ஒரு முறை கட்டுவதோடு சரி. கார்டில் மின்பளு ஏறினால் சோலார் வரம்பும் கூடவே ஏறும். அவர்கள் வந்து மூன்று பில் பார்த்துவிட்டு மிச்ச இரண்டு கிலோவாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த ஐந்தாவது கிலோவாட்டும் உங்கள் வீட்டிலேயே செலவாகும்.

கடைக்கு வழியில்லை. அது தனி மீட்டர், வணிக இணைப்பு. ஒரு மீட்டரில் மிஞ்சியதை வேறொரு மீட்டரில் கழிக்க நீங்கள் போடப்போகும் இந்த நெட் மீட்டரிங்கில் இடமில்லை. வணிக இணைப்புக்குத் தமிழ்நாட்டில் நெட் மீட்டரிங்கே கிடையாது. வெளியே போகும் யூனிட்டுக்குத் தனி விலை, உள்ளே வருவதற்கு வழக்கமான விலை என்ற முறைதான். வீட்டுப் பக்கத்திலிருந்து கடைக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டு இணைப்பில் கடை ஓட்டியதாகப் பிடிபடுவீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், போட்ட பிறகு ஏமாந்ததாக நினைக்கக் கூடாது. ஊரில் கரண்ட் போனால் உங்கள் சோலாரும் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். இது கோளாறு இல்லை. லைனை ஆஃப் செய்துவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஆள் மேல் உங்கள் மாடிக் கரண்ட் பாயாமல் இருக்கத்தான் இன்வெர்ட்டரில் இந்த ஏற்பாடு. ஒரு கல்யாண வீட்டு ஜெனரேட்டர், லைனிலிருந்து அதைப் பிரித்து வைக்கும் சேஞ்சோவர் சுவிட்ச் இல்லாமல் லைனில் கலந்து, கம்பத்தில் இருந்த என் சக ஊழியர் ஒருவர் கை கருகி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பாதுகாப்பைத் துண்டித்துத் தருகிறேன் என்று எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும் வீட்டுக்குள் விடாதீர்கள். கரண்ட் போனாலும் வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் தனி விஷயம், தனி செலவு.

விண்ணப்பம் போடும் முன்பு ஒரு வேலை செய்யுங்கள். நல்ல வெயில் நாளில் மத்தியானம் 12 மணிக்கும் இரவு 8 மணிக்கும் உங்கள் வீட்டு பிளக்கில் வோல்டேஜ் எவ்வளவு என்று தெரிந்த எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மத்தியானமே 250ஐத் தொட்டால், எதிர்வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து ஏ.இ.க்கு ஒரே மனுவாகக் கொடுத்து, டேப்பையும் பேஸ் பிரிப்பதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 245க்குள் இருந்தால் தயங்காமல் போட்டுவிடலாம். அந்த இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.